பிஷப் பீப்பாயைத் திறந்த நாள்

தவெய்ரா வீட்டுக் கரும்புச் சாராயமான கஷாசா பால்சமோ மரத்தைத் தவிர வேறு மரத்தைத் தொட்டதில்லை. என் தாத்தா இதைச் சொன்னார். அப்பா சொன்னார். அப்பா போன பிறகு நான் சொல்லி வந்தேன். அன்செல்மோ தவெய்ரா என்று என் பெயரைச் சொல்ல எனக்கு எவ்வளவு தயக்கம் இருக்குமோ அவ்வளவு தயக்கம்தான் இதைச் சொல்வதிலும் இருந்தது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊரே நின்றிருந்தபோது, லெயோன்சியோ பிராதெஸ் என் கோப்பையை மோந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் மதில்மேல் வைத்தது எனக்குக் கன்னத்தில் அறை விழுந்ததுபோல் இருந்தது.

லெயோன்சியோ எனக்குத் தாய்மாமன் மகன். எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே ஆற்றின் இரு கரைகளில் கரும்பு போட்டு, ஒரே மாதிரிச் செம்புக் கொப்பரையில் வடித்து, வேறு வேறு மரத்தில் ஊறப்போடுகிறவர்கள். அவர்கள் வீடு அம்புரானா. இனிப்பாக, வாசமாக, சீக்கிரம் ஊறும் மரம். எங்கள் பால்சமோ அவசரப்படாது. கசப்பும் காரமும் சோம்பு வாசமுமாக, பச்சை கலந்த பொன்னிறத்தில், தன் நேரத்தை எடுத்துக்கொண்டு வரும்.

செபமாலை மாதா திருவிழாவில் கொடிமரம் ஏற்றுகிறபோது, மரத்தைத் தூக்குகிறவர்களுக்கு எங்கள் வீட்டுக் கஷாசாதான் ஊற்றுவார்கள். அது பிஷப் பீப்பாயிலிருந்து வரும். வயிறு பெருத்திருப்பதால் அதற்கு அந்தப் பெயர். அதை முழுக்கக் காலி செய்து நான் பார்த்ததே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் இறக்குவோம், இறக்கிய அளவுக்குப் புதியதை ஊற்றி நிரப்புவோம். அந்தக் கஷாசாவின் கடைசியில், தொண்டையில் இறங்கிய பிறகு, மெல்லிய இனிப்பு ஒன்று எழும். மற்ற பீப்பாய்களில் அது கிடையாது. வயதான பால்சமோவின் குணம் அது, எங்கள் கைவாகு அது என்று நாங்கள் ஊருக்குச் சொல்லியிருந்தோம்.

லெயோன்சியோ தன் வாழ்நாளில் எங்கள் கோப்பையைத் தொட்டவன் இல்லை. இந்த வருடம் தொடவேண்டி வந்தது. அவன் மகன் அதெர்பால்தான் கொடிமரம் தூக்குகிறவர்களுக்குத் தலைவன். தலைவனின் தகப்பன் திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முதற்கோப்பையைக் குடித்துச் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது வழக்கம்.

"என்ன மச்சான், சுடுதா? ஊதிக் குடிங்க" என்றேன்.

நாலு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சீசாவை வாங்கிக் குலுக்கி வெயிலில் பிடித்தான். கண்ணாடி ஓரமாக நுரைமணிகள் மாலைபோல் கோத்து நின்றன, நின்றுகொண்டே இருந்தன.

"மணி நல்லாத்தான் கோத்திருக்கு. வடிச்சதுல குறை சொல்லமாட்டேன்" என்றான். கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டான். "ஆனா இது பால்சமோ இல்ல மச்சான். கடைசியில வருதே ஒரு இனிப்பு, அது அம்புரானா. நான் அதுலயே பொறந்து வளந்தவன். என் மூக்குக்கிட்ட உங்க கதை எடுபடாது."

"அந்த இனிப்பு எங்க வீட்டு முத்திரை. ஊருக்கே தெரியும்."

"அம்புரானா விதையைத் துணியில முடிஞ்சு உள்ள தொங்கவிட்டா எந்த வீட்டுச் சரக்குலயும் அந்த முத்திரை விழும்."

முற்றத்தில் சத்தம் அடங்கியது. விதையைத் தொங்கவிடுவது பொறுமையில்லாதவன் செய்யும் வேலை. ஊறவைக்காததை ஊறவைத்ததாக விற்பவன் செய்யும் வேலை. எங்கள் பக்கத்தில் ஒருவனைத் திருடன் என்று சொன்னால்கூட மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள்.

என் மனைவி இடலீனா எனக்கு முன்னால் பாய்ந்தாள். "அண்ணே, உங்க வீட்டுச் சரக்கைக் குடிக்கிறதா அக்குள்ல பூசிக்கிறதான்னே எங்களுக்கு இன்னும் புரியல. நீங்க எங்க பீப்பாயைப் பத்திப் பேச வந்துட்டீங்க!"

"நீ சும்மா இரு தங்கச்சி. நீ வாக்கப்பட்டு வந்தவ, உனக்குப் பழசு தெரியாது" என்றான் லெயோன்சியோ. "எங்க அத்தை கொண்டுவந்த சீர்ப்பெட்டியையே சீட்டாட்டத்துல தொலைச்ச வீடு இது. பெட்டியை வித்தவங்க பேரை விக்கமாட்டாங்களா?"

அத்தை என்று அவன் சொன்னது என் அம்மாவை. அவள் பிராதெஸ் வீட்டிலிருந்து மணப்பெண்ணாக வந்தபோது கொண்டுவந்த பெட்டி ஒருநாள் எங்கள் வீட்டில் இல்லாமல் போனது. என் அப்பா சனிக்கிழமைகளில் ட்ரூக்கோ சீட்டு ஆடுவார். பெட்டியை ஆடித் தோற்றார் என்று மாமா வீட்டில் பேசினார்கள். அந்தப் பேச்சினால்தான் இரண்டு வீடும் விலகின. அப்பா அதற்குப் பதில் சொன்னதே இல்லை. நானும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று.

இந்த வருடத் திருவிழாவை நடத்துகிறவள் டோனா பெர்பேத்துவா. ரொட்டிச் சூளை வைத்திருக்கிறவள், தோள் அகலம், குரல் அதைவிட அகலம். நடுவில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இது மாதா முற்றம், சந்தை இல்ல. அன்செல்மோ அண்ணே, உங்க மேல ஒரு சொல்லு விழுந்துருச்சு. கொடிமரத்து மேல மாதா படம் போகும்போது கீழ சந்தேகத்தை ஊத்த நான் விடமாட்டேன். அது பொய்யின்னு காட்டுங்க. இல்லேன்னா இந்த வருஷக் கோப்பை அக்கரைக்குப் போகும்."

"போயிட்டா திரும்பி வராது" என்றான் லெயோன்சியோ.

அது உண்மை. எங்கள் ஊரில் உரிமை என்பது ஒருமுறை கை மாறினால் மாறினதுதான்.

நான் இடுப்பிலிருந்து பீப்பாய் அறைச் சாவியை அவிழ்த்து டோனா பெர்பேத்துவாவின் கையில் வைத்தேன். "இன்னிக்கு ராத்திரி இது உங்ககிட்ட இருக்கட்டும். நாளைக்குக் காலையில எல்லாரும் வாங்க. பிஷப்பைத் திறக்கிறேன்."

வீட்டுக்கு நடக்கும்போது இடலீனா, "குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடிச்சுக் காட்டினா போதாதா? பீப்பாயையே காலி பண்ணணுமா? பலகை காஞ்சா விரிசல் விட்டுரும்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றாள்.

"பாதி காட்டினவன்னு பேர் வரும்."

"உள்ள ஏதாவது இருந்தா?"

நின்று அவளைப் பார்த்தேன்.

"சரி சரி, கண்ணை உருட்டாதீங்க. நான் உங்களை நம்புறேன். பிஷப்பைத்தான் நம்பலாமான்னு தெரியல."

மறுநாள் காலையில் நான் கொப்பரை அடுப்பை அணைக்கவில்லை. அறுவடைக் காலம். வெட்டின கரும்பை அன்றே பிழிந்தாக வேண்டும், புளித்த சாறு யாருக்காகவும் காத்திருக்காது. லெயோன்சியோ தன் ஆட்களோடு வந்தபோது செம்புக் குழாயிலிருந்து தலைச்சாராயம் இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கைத் துளைக்கும் அந்த முதல் பகுதியை அவன் கண்ணெதிரே மண்ணில் கொட்டினேன். கடைசியில் வரும் வால் பகுதியையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, நடுவில் வருவது மட்டும்தான் பீப்பாய்க்குப் போகும் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

இடலீனா எல்லோருக்கும் காப்பியும் உப்புக்கண்டமும் வேகவைத்த மரவள்ளியும் வைத்தாள். சண்டைக்கு வந்தவனையும் வெறும் வயிற்றோடு நிற்கவிடும் வழக்கம் எங்களிடம் இல்லை. லெயோன்சியோ காப்பியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"சாப்பிடுங்க அண்ணே, அதுல விதை எதுவும் போடல" என்றாள் அவள்.

டோனா பெர்பேத்துவா கதவைத் திறந்தாள். பீப்பாய் செய்கிற திபூர்சியோ தன் சுத்தியலோடு உள்ளே போனான். நானும் அவனுமாக பிஷப்பை முற்றத்துக்கு உருட்டி வந்து நிமிர்த்தி வைத்தோம். என் இடுப்புக்கு மேல் உயரம். வெளிப்புறம் காலத்தால் கறுத்து, ஒரு பலகையிலிருந்து இன்னொன்றைப் பிரித்துப் பார்க்க முடியாதபடி இருந்தது. அதை வெயிலில் பார்த்தபோது, வீட்டுப் பெரியவரை உள்சட்டையோடு தெருவில் நிறுத்தியதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது.

குழாயைத் திறந்தேன். முதல் சொட்டைப் புனிதர்களுக்கென்று மண்ணில் விட்டேன். மீதியைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் பிடித்தோம், ஒவ்வொரு குடுவையின் வாயிலும் வெள்ளைத் துணி கட்டி. துணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் லெயோன்சியோ. கடைசிக் கசண்டு வரை விரலால் துழாவினான். கொஞ்சம் மரத்தூள், அவ்வளவுதான். விதை இல்லை, நூல் இல்லை, துணி முடிச்சு இல்லை.

"ஒண்ணுமில்ல" என்று டோனா பெர்பேத்துவா உரக்கச் சொன்னாள். "பிராதெஸ் அண்ணே, போதுமா?"

"போதாது" என்றான் லெயோன்சியோ. துணியை முகர்ந்துகொண்டே இருந்தான். "விதை இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அம்புரானா இருக்கு. இந்தத் துணியிலயே இருக்கு. மோந்து பாருங்க."

"உங்க மூக்குலயே ஒட்டியிருக்கும் ஐயா, வீட்டுல இருந்து வந்திருக்கும்" என்றான் திபூர்சியோ. கூட்டம் சிரித்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். குற்றச்சாட்டு பொய்த்துவிட்டது, கோப்பை எங்களிடமே நிற்கும், பிஷப்பை மறுபடி நிரப்பியிருக்கலாம். ஆனால் அவன் அந்த வாசத்தை என் முற்றத்தில் விட்டுவிட்டுப் போவதை நான் விரும்பவில்லை.

"மேல் மூடியைக் கழட்டு, திபூர்சியோ. மச்சான் உள்ள எட்டிப் பார்க்கட்டும். பால்சமோன்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கட்டும்."

திபூர்சியோ வளையங்களைத் தட்டித் தளர்த்தினான். மூடிப்பலகை அசைந்தது, வெளியே வந்தது. நான் பார்க்க முதல் தடவையாக பிஷப்பின் வயிற்றுக்குள் சூரியன் விழுந்தது.

நான்தான் முதலில் பார்த்தேன். சுற்றிலும் கரும்பழுப்புப் பலகைகள், ஈரத்தில் பச்சையாக மினுங்கின. நடுவில் ஒன்றே ஒன்று தேன் நிறத்தில் இருந்தது. ஒரு பலகை. எந்த மரம் என்று கேட்கத் தேவையில்லை. அதன் வாசம் தனியாக எழுந்து வந்தது.

மூன்று தலைமுறையாகச் சொன்ன வாக்கு என் கண்முன்னே பல் இளித்தது. என் முதுகு வளையவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

லெயோன்சியோ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "வேற மரம்!" என்று கத்தினான். "எல்லாரும் வந்து பாருங்க! தவெய்ரா பீப்பாய்ல அம்புரானா! என் மூக்கு பொய் சொல்லுமா? விதை இல்லேன்னா பலகை! அக்கரைக்காரன் மரம் இல்லாம உங்க பிஷப்புக்குப் பூசை நடக்கலியோ?"

"கையை வச்சுத்தான் பாருங்களேன், முள்ளா குத்தும்?" என்றாள் இடலீனா.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே குனிந்தான். தேன் நிறப் பலகையின் மேல் விரலை ஓட்டினான். மேலிருந்து கீழே போன விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்ப மேலே வந்தது. மறுபடி அதே இடத்துக்குப் போனது. அவன் எழுந்திருக்கவில்லை. உள்ளேயே குனிந்தபடி இருந்தான். அவன் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன மச்சான், உள்ள விழுந்துட்டீங்களா?" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். சிறு வயதில் ஆற்றங்கரையில் இழுத்ததற்குப் பிறகு அவன் என்னைத் தொட்டது அன்றுதான். என் விரல்களைப் பலகையின் கீழ் ஓரத்தில் வைத்தான்.

செதுக்கு வேலை. பாதிப் பூ. நடுப்பகுதியை இழைப்புளி தின்றுவிட்டிருந்தது. ஓரத்தில் இதழ்களும் சுற்றியிருந்த நூல்போன்ற கதிர்களும் மட்டும் தப்பியிருந்தன. பாஷன் பழக்கொடியின் பூ.

"எங்க தாத்தா ரெண்டு பெட்டி செஞ்சார்" என்றான். கூட்டத்துக்குக் கேட்காத குரல். "ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு, மாதா பீடத்துத் துணியெல்லாம் அதுலதான். மூலையில இதே பூ. இன்னொண்ணு அத்தைக்குக் கொடுத்தார்."

திபூர்சியோ தலையை நுழைத்து மூட்டுகளைத் தடவினான். "இது எங்கப்பா கை. இந்த இணைப்பு அவருக்குத்தான் வரும். மனுஷன் மூச்சு விடலியே!"

எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஆறு மணலாகக் கிடந்த வறட்சி வருடம். நான் சின்னவன். அந்த வருடம்தான் அம்மாவின் துணிகள் பெட்டியிலிருந்து மூங்கில் கூடைக்கு மாறின. வடக்கிலிருந்து மர வண்டி வரவில்லை. பிஷப்பில் ஒரு பலகை பிளந்திருக்க வேண்டும், பால்சமோ ஒரு துண்டும் கிடைத்திருக்காது, விட்டால் அத்தனை வருடக் கஷாசாவும் மண்ணுக்குப் போயிருக்கும். வீட்டில் இருந்த ஒரே நல்ல பலகை அந்தப் பெட்டி. அப்பா சூதாடி என்ற பெயரை வாங்கிக்கொண்டார், வேற்று மரம் போட்டவன் என்ற பெயரை வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டில் எது பெரியது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று அந்தக் கணத்தில் தோன்றியது.

ஆனால் மூடி கழன்றுவிட்டது. இனி எனக்கு அந்த வழி இல்லை. நிமிர்ந்து நின்று கூட்டத்தைப் பார்த்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. பிஷப்புல ஒரு பலகை அம்புரானா. என் அம்மாவோட சீர்ப்பெட்டிப் பலகை. பால்சமோ மட்டும்தான்னு நாங்க சொன்னது தப்பு. இன்னியிலிருந்து அப்படிச் சொல்லமாட்டோம். பெட்டியை எங்கப்பா ஆடித் தோத்தார்னு சொன்னவங்களும் இன்னியிலிருந்து அப்படிச் சொல்லமாட்டாங்க."

கடைசி வாக்கியத்தை லெயோன்சியோவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பிராதெஸ் முதுகும் தவெய்ரா முதுகைப்போல வளையாத முதுகுதான், அம்மா வழியில் எனக்கும் அதில் பங்கு உண்டு.

"சொல்லமாட்டோம்" என்றான் கடைசியில். பிறகு குரலை உயர்த்தி, "பெட்டி சீட்டாட்டத்துல போகல. எங்க வீட்டுல சொன்னது பொய்" என்றான். சொல்லிவிட்டு உடனே, "ஆனா அந்தப் பலகை எனக்கு வேணும்" என்றான்.

"எது?"

"தாத்தா செதுக்கின பூ மச்சான். அதை நீங்க சாராயத்துல ஊறப்போட்டு வச்சிருக்கீங்க. திபூர்சியோ அந்த இடத்துல நல்ல பால்சமோப் பலகை ஒண்ணு போடட்டும், செலவு என்னோடது. உங்களுக்கும் நல்லதுதானே? பிஷப்பு மறுபடி சுத்தமாயிரும். உங்க வாக்கும் உண்மையாயிரும்."

இடலீனா என்னைப் பார்த்தாள். டோனா பெர்பேத்துவா பார்த்தாள். அவன் சொன்னதில் தவறில்லை. அந்த ஒரு பலகையைக் கழற்றினால், நாளை முதல் தாத்தாவின் வார்த்தையை ஒரு எழுத்து மாற்றாமல் சொல்லலாம். என் கை பீப்பாயின் விளிம்பில் இருந்தது. அப்போதுதான் அது எந்த இடம் என்று கவனித்தேன்: தேன் நிறப் பலகையின் நேர்மேலே, குழாய்க்கு வலப்புறம்.

திருவிழாக் காலையில் அம்மா பீப்பாய் அறைக்கு வருவாள். ஒரு சொட்டுக் குடிக்கிறவள் இல்லை அவள். மற்ற பீப்பாய்களை வேலையாட்கள் துடைப்பார்கள், பிஷப்பை அவள்தான் துடைப்பாள், வேறு யாரையும் தொடவிடமாட்டாள். அதிலும் ஒரே பக்கத்தை, குழாய்க்கு வலப்புறம், மேலிருந்து கீழாக, தேய்த்துத் தேய்த்துத் துடைப்பாள். முதுமையில் கண் போன பிறகும் அந்த இடம் அவள் கைக்குத் தப்பியதில்லை. நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்திருந்தோம்.

"தரமாட்டேன்" என்றேன். "பெட்டியை அவகிட்டயிருந்து யாரும் பிடுங்கல மச்சான். பிடுங்கினதை யாரும் வருஷா வருஷம் வந்து துடைக்கமாட்டாங்க. அவ போட்ட இடத்துல அது இருக்கட்டும். வாக்குதான் பலகைக்குத் தக்கபடி மாறணும்."

"அது எங்க மரம்."

"ஆமா. உங்க மரம், எங்க பீப்பாய். அவளும் அப்படித்தான் இருந்தா."

அவன் போய் இடலீனாவின் தட்டிலிருந்து ஒரு துண்டு உப்புக்கண்டத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அதுதான் எங்களுக்குக் கிடைத்த பதில்.

"விதை இல்ல" என்றாள் டோனா பெர்பேத்துவா. "கோப்பை இக்கரையிலயே இருக்கும். எனக்கு ரொட்டி கருகுது, நான் வரேன்."

பலகைகள் காய்வதற்குள் திபூர்சியோ மூடியைப் பொருத்தி வளையங்களை இறுக்கினான். குடுவைகளிலிருந்து திரும்ப ஊற்றி நிரப்பினோம். ஊற்றினது நானும் லெயோன்சியோவும். அவன் கொஞ்சம் சிந்தினான். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

திருவிழா அன்று அதெர்பாலும் அவன் ஆட்களும் கொடிமரத்தைத் தோளில் ஏற்றி வந்தார்கள். பறை முழங்க, ரிப்பன் கட்டிய ஆட்டக்காரர்கள் சுற்றிவர, மாதா படம் மேலே போனது. மரம் குழியில் நின்றதும் நான் கோப்பைகளை நிரப்பினேன். ஒவ்வொரு கோப்பையைக் கொடுக்கும்போதும், "பால்சமோவும், பிராதெஸ் வீட்டு அம்புரானா ஒரு பலகையும்" என்று சொன்னேன். குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். முதலில் வாய் கூசியது. நாலாவது கோப்பைக்கு மேல் அது பழைய வாக்கைவிடக் கம்பீரமாக இருப்பதாகவே எனக்குப் பட்டது.

லெயோன்சியோ தன் கோப்பையை வெயிலில் பிடித்துப் பார்த்தான், முகர்ந்தான், குடித்தான். கடைசி இனிப்பு எழும்வரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"இன்னும் ரெண்டு பலகை அம்புரானா போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் மச்சான்" என்றான்.

"இன்னும் ரெண்டு பலகைக்கு இன்னும் ரெண்டு அத்தை சீரோட வரணுமே. உங்க தாத்தா ஒருத்தியைத்தானே பெத்தார்" என்றேன்.

அவன் காலிக் கோப்பையை நீட்டினான். நான் விளிம்புவரை நிரப்பினேன்.